சிரைநோய் பார்க்கும் ரத்தநாள அறுவை மருத்துவர் ஆக விரும்புவோருக்கு: புதுச்சேரி, கடலூர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கம் மருத்துவம் படிப்பவர்களும், பொது அறுவைப் பட்டமேற்படிப்பை முடிக்கப்போகிறவர்களும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. கால் சிரைகளைப் பற்றிய வேலைதான் பேச்சு என்பதால், படிப்பைவிட வேலையைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறோம். இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்பதை வேலையின் உள்விவரம்தான் சொல்லும்.

ரத்தநாள அறுவை மருத்துவரும் இதய அறுவை மருத்துவரும் ஒன்றா?

இல்லை. இதயத்தையும் மூளைக்குள் இருக்கும் குழாய்களையும் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் உள்ள ரத்தக்குழாய்களைப் பார்ப்பவர் ரத்தநாள அறுவை மருத்துவர். சர்க்கரை நோயால் கால் தமனி அடைப்பது, கழுத்துத் தமனிச் சுருக்கம், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போடுவது, விபத்தில் அறுந்த ரத்தக்குழாயைத் தைப்பது எல்லாம் இவர் வேலை. ஜிப்மரில் இருப்பதுபோல் இதயம், நெஞ்சகம், ரத்தநாளம் மூன்றும் சேர்ந்த துறைகள் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது.

சிரைநோய் இதில் ஒரு கிளை. வெரிகோஸ் வெயின் (புடைத்துச் சுருண்ட சிரை), ஆறாத கால்புண், ஆழ்சிரையில் ரத்தம் உறைவது, இடுப்புச் சிரை அடைப்பு, பிறவியிலேயே வரும் சிரைக் கோளாறுகள் இதில் வரும்.

எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்?

எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. பொது அறுவையில் எம்.எஸ். அல்லது டிஎன்பி 3 ஆண்டு. அதன்பின் ரத்தநாள அறுவையில் எம்.சிஎச். அல்லது டிஆர்என்பி என்ற உயர் சிறப்புப் படிப்பு இன்னொரு 3 ஆண்டு. இடைவெளியே விழாமல் போனாலும் பதினொன்றரை ஆண்டு. நடுவில் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் காலமும், அரசு இடத்தில் சேர்ந்தால் ஒப்பந்தப் பணிக் காலமும் சேரும். ஆக, தனியாகக் கத்தி பிடிக்கும்போது முப்பது வயது தாண்டியிருக்கும். வீட்டில் பணம் எதிர்பார்க்கிற சூழல் இருந்தால் இதை முதலிலேயே பெற்றோரிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

இங்கேயே படிக்க முடியுமா?

எம்பிபிஎஸ்ஸும் எம்.எஸ்ஸும் தாராளமாக. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. ரத்தநாள அறுவை எம்.சிஎச். என்று வரும்போது சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களை நோக்கிப் போக வேண்டியிருக்கும். அதற்கு உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்எஸ் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இடங்கள் குறைவு, அதனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் சேருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

எம்.சிஎச். இல்லாமல், லேசர் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு வெரிகோஸ் வெயின் பார்க்கக் கூடாதா?

பொது அறுவை மருத்துவர்களும், ஸ்கேன் பார்த்தே குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள், நன்றாகவே செய்பவர்களும் உண்டு. பழுதான சிரையைச் சூட்டால் மூட லேசர் ஃபைபரை அதற்குள் செலுத்துவதை ஒரு வாரப் பயிலரங்கில் பழகிவிடலாம். யாருக்குச் செலுத்தக் கூடாது என்பது அந்த ஒரு வாரத்தில் வராது.

இடுப்புச் சிரை பழைய ரத்த உறைவால் அடைபட்ட ஒருவருக்கு, தோலுக்கடியில் புடைத்திருக்கும் சிரைதான் மாற்றுப்பாதையாக ரத்தத்தை மேலே கொண்டுபோய்க் கொண்டிருக்கும். அதைப் பொசுக்கிவிட்டால் கால் இன்னும் வீங்கும். தமனி அடைப்பும் சேர்ந்திருக்கிற காலுக்கு இறுக்கமாகக் கட்டுப் போட்டால் விரல் கறுக்கும். கடலூர் மாவட்டத்தில் புண்ணோடு வரும் அறுபது வயதுக்காரருக்குச் சர்க்கரையும் பீடியும் வெரிகோஸும் ஒன்றாக இருப்பது சாதாரணம். ஆகவே எங்கள் கருத்து இதுதான்: முதலில் முழு ரத்தநாள அறுவை மருத்துவர் ஆகுங்கள். சிரையில் சிறப்பு தேடுவது அதற்குப் பிறகு. தமனி தெரியாதவர் கையில் சிரை சிகிச்சை பாதுகாப்பாக இருக்காது.

கால் சிரையில் அப்படி என்னதான் கெட்டுப்போகிறது?

நிற்கும்போது காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ஆழ்சிரையைப் பிழிந்து தள்ளுகிறது. தள்ளியது திரும்பிக் கீழே வராமல் வால்வுகள் தடுக்கின்றன. தோலுக்கடியில் ஓடும் இரண்டு பெரிய சிரைகளில் ஒன்று உள்கணுக்காலுக்கு முன்னால் கிளம்பித் தொடை இடுக்கு வரை போகிறது. மற்றொன்று வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் கிளம்பி முழங்காலுக்குப் பின்பக்கம் சேர்கிறது. இவற்றின் வால்வு பழுதாகும்போது ரத்தம் பின்னோக்கி ஒழுகி, கணுக்கால் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. முதலில் புடைப்பு, பிறகு மாலை நேர வீக்கம், கணுக்காலுக்கு மேலே கறுப்பு, அரிப்பு, தோல் தடித்துப்போதல், கடைசியில் புண். இந்த வரிசையை சி-0 முதல் சி-6 வரை என எண்ணிட்டு எழுதும் முறைக்கு சீப் வகைப்பாடு என்று பெயர். 1994-ல் வந்தது, கடைசியாக 2020-ல் திருத்தினார்கள். நோயாளிச் சீட்டில் 'வெரிகோஸ்' என்று மட்டும் எழுதுவதும் 'சி-4' என்று எழுதுவதும் ஒன்றல்ல. சி-4 என்றால் தோல் மாறத் தொடங்கிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது என்று பொருள்.

பெற்றோருக்கு இருந்திருந்தால் வாய்ப்பு அதிகம். பல பிரசவம், உடல் பருமன், நின்றே செய்யும் வேலை எல்லாம் கூட்டும். நேரு வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர், போக்குவரத்துக் காவலர், கடலூர் முதுநகரில் மீன் விற்பவர், ஓட்டல் அடுப்படியில் நிற்பவர் இவர்கள்தான் புறநோயாளிப் பிரிவில் அதிகம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடலூரிலிருந்து வரும் கடை ஊழியருக்கு மருந்துச் சீட்டோடு இந்தத் தகவலையும் சொல்லி அனுப்புவது மருத்துவரின் வேலைதான்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

அறுவை அரங்கில் இருப்பதைவிட ஸ்கேன் இயந்திரத்தின் முன்னாலும் கட்டுப்போடும் அறையிலும்தான் அதிக நேரம் போகும். இது பிடிக்காதவர்கள் இந்தக் கிளைக்கு வர வேண்டாம்.

நாற்பது வயதுப் பெண் ஒருவர், இடது கெண்டைக்காலில் புடைப்பு, மாலையானால் கால் கனக்கிறது என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்பது: வலி காலையில் எழும்போதே இருக்கிறதா, நின்ற பிறகா? காலையிலேயே இருந்தால் முழங்கால் மூட்டையும் முதுகையும் பார்க்க வேண்டும். அதற்கு லேசர் செய்தால் வலி அப்படியே இருக்கும், கெட்ட பெயர் மட்டும் மிஞ்சும். கால் முன்பு திடீரென்று வீங்கியதுண்டா, பிரசவத்துக்குப் பின் படுக்கையில் இருந்ததுண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும். பிறகு நிற்கவைத்து, முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், உள்தொடை வரைக்கும். பாதத்தில் நாடி தொட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்பக் கூடாது.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை ரேடியாலஜி மருத்துவர் செய்து அறிக்கை தந்தால் போதாதா?

அறிக்கை வாங்கலாம். ஆனால் சிகிச்சை செய்யும் கையே ஸ்கேனையும் பிடித்திருக்க வேண்டும். ஊசி எங்கே குத்துவது, எதை மூடுவது, எதை விடுவது எல்லாம் அந்தப் படத்திலிருந்துதான் வருகிறது.

சரியாகச் செய்தால் ஒரு காலுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். நோயாளி நிற்க வேண்டும். உடல் எடையை மற்றக் காலில் போட்டு, பார்க்கும் காலைச் சற்று மடக்கி வெளிப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். அறை மிகக் குளிராக இருக்கக் கூடாது, சிரை சுருங்கிவிடும். கெண்டைக்காலைக் கையால் பிழிந்து சட்டென்று விடும்போது ரத்தம் பின்னோக்கி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளக்கிறோம். தோலடிச் சிரையில் 0.5 வினாடிக்கு மேல், தொடை ஆழ்சிரையிலும் முழங்கால் பின் சிரையிலும் 1 வினாடிக்கு மேல் ஓடினால் வால்வு பழுது.

தவறுகள் எங்கே நடக்கின்றன என்றால், முதலாவது, படுக்கவைத்தே ஸ்கேன் செய்வது. ஒழுக்கு பாதி மறைந்துவிடும். இரண்டாவது, தோலில் வைக்கும் ஸ்கேன் முனையான ப்ரோபை அழுத்திப் பிடிப்பது. சிரை தட்டையாகி, 'சரியாக இருக்கிறது' என்று அறிக்கை வரும். தொடை இடுக்கோடு நிறுத்திக்கொண்டு முழங்காலின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. மூன்று பிரசவம் ஆன பெண்ணுக்கு உள்தொடையில், பிறப்புறுப்பை ஒட்டிப் புடைப்பு இருந்தால் ஒழுக்கு இடுப்புக்குள்ளிருந்து வருகிறது. காலை மட்டும் சரிசெய்தால் திரும்ப வரும். சிகிச்சை செய்த இடத்திலேயே மறுபடி வந்துவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு முதல் ஸ்கேனிலேயே ஏதோ ஒரு கிளை விட்டுப்போயிருக்கும். தொடையின் முன்பக்கம் ஓடும் துணைச் சிரைதான் அடிக்கடி தப்புகிறது.

எல்லாவற்றையும் ஒரு கால் படத்தில் கையால் வரைந்து வையுங்கள்: எங்கிருந்து ஒழுகுகிறது, எங்கே முடிகிறது, இடுக்கிலும் நடுத்தொடையிலும் முழங்காலிலும் சிரையின் விட்டம், தோலிலிருந்து ஆழம், ஆழ்சிரை திறந்திருக்கிறதா. இந்த ஒரு தாள் இருந்தால் அரங்கில் தடுமாற்றம் இருக்காது.

லேசர் சிகிச்சையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நோயாளி நின்றுகொண்டிருக்கும்போதே புடைத்த கிளைகளை அழியாத மையால் குறிக்க வேண்டும். படுத்துவிட்டால் அவை காணாமல் போகும். மேசையைத் தலைப்பக்கம் உயர்த்திச் சிரையை நிரப்பி, முழங்காலை ஒட்டி ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி குத்துகிறோம். இன்னும் கீழே போனால் சிரையோடு ஒட்டி ஓடும் உணர்வு நரம்பு சூடுபட்டு, உள்கணுக்கால் பக்கம் மரத்துப்போகும். கம்பியும் உறையும் ஏற்றி, ஃபைபரை, தோலடிச் சிரை ஆழ்சிரையோடு சேரும் தொடை இடுக்குச் சந்திப்புக்கு 2 செ.மீ. கீழே நிறுத்த வேண்டும். இந்த 2 செ.மீ.தான் எல்லாவற்றுக்கும் உயிர். நீளவாக்கில் படம் எடுத்து, முனையையும் சந்திப்பையும் ஒரே சட்டத்தில் பார்த்த பிறகே அடுத்த வேலை.

அடுத்து, சிரையைச் சுற்றி மரத்துப்போகும் கரைசல். குளிர்ந்த உப்புநீரில் லிக்னோகெயின், அட்ரினலின், பைகார்பனேட் கலந்தது. இறுதிக் கரைசலில் லிக்னோகெயின் சுமார் 0.1 சதவீதம். ஒரு செ.மீ. சிரைக்குச் சுமார் 10 மி.லி. என்றால் 40 செ.மீ. சிரைக்கு 400 மி.லி., அதாவது 400 மி.கி. லிக்னோகெயின். அட்ரினலினோடு சேர்த்துத் தரும்போது வழக்கமான உச்சவரம்பு கிலோவுக்கு 7 மி.கி. 60 கிலோ உள்ளவருக்கு அது 420. இப்படித் தோலடியில் பரப்பித் தருவது மெதுவாக உறிஞ்சப்படும் என்பதால் அதற்கு மேலும் கொடுப்பவர்கள் உண்டு. என்றாலும் இரண்டு காலையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று நோயாளி கேட்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கரைசல் வலியை மட்டும் போக்குவதில்லை. சிரையை நசுக்கி ஃபைபரோடு ஒட்டவைக்கிறது, சூடு பக்கத்துத் திசுவுக்குப் போகாமல் தடுக்கிறது, தோலைச் சிரையிலிருந்து விலக்குகிறது. சிரைக்கும் தோலுக்கும் இடையே 1 செ.மீ. இடைவெளி வந்திருக்க வேண்டும். ஸ்கேனில் குறுக்குவாக்கில் பார்த்தால் நீர்வட்டத்தின் நடுவே சிரை ஒரு புள்ளியாகத் தெரியும். எங்கேயாவது வட்டம் முழுமையாக இல்லையென்றால் அங்கே இன்னும் ஊற்ற வேண்டும்.

மேசையைத் தலைகீழாகச் சாய்த்து, அறையில் எல்லோருக்கும், நோயாளிக்கும் சேர்த்துக் கண்ணாடி மாட்டி, 1470 நானோமீட்டர் டயோடு லேசரை இயக்குகிறோம். செ.மீட்டருக்கு 60 முதல் 80 ஜூல் வரை தருவது வழக்கம். 10 வாட்டில் 70 ஜூல் வேண்டுமானால் ஒரு செ.மீ.க்கு 7 வினாடி. 40 செ.மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 நிமிடம். இழுக்கும் வேகம் கூடினால் சிரை மூடாது, சில மாதத்தில் திரும்பத் திறக்கும்.

முடிந்ததும் கட்டுப்போட்டு, அரங்கிலிருந்தே நடக்கவைத்து அனுப்ப வேண்டும். அன்றே வீட்டுக்குப் போகலாம். திண்டிவனம், விருத்தாசலம் பக்கமிருந்து வந்தவர் பேருந்திலோ காரிலோ திரும்பும்போது வழியில் இறங்கி நடக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தவாறே மூன்று மணி நேரம் போகக் கூடாது.

ரேடியோ அலைவரிசைக் கருவி, பசை, பழைய அறுவை முறை இவையெல்லாம்?

ரேடியோ அலைவரிசையில் 7 செ.மீ. நீளச் சூடுமுனை 120 டிகிரியில் 20 வினாடி இயங்கும். ஒரு துண்டை மூடிவிட்டு அடுத்த துண்டுக்கு நகர வேண்டும். சந்திப்பை ஒட்டிய முதல் துண்டுக்கு இரண்டு முறை. இழுக்கும் வேகத்தைக் கருவியே கட்டுப்படுத்துவதால் புதியவர் கைக்கு இது எளிது. சிரைக்குள் பசை செலுத்தி ஒட்டும் முறைக்கு மரத்துப்போகும் கரைசல் தேவையில்லை, ஆனால் செலவு அதிகம், சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வரும். இடுக்கில் கீறிச் சிரையைக் கட்டி உருவும் பழைய அறுவையையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். கருவி இல்லாத அரசு மருத்துவமனையில் அதுதான் நோயாளிக்குக் கிடைக்கும், ஒழுங்காகச் செய்தால் பலனும் நன்றாகவே இருக்கும்.

சிரையை மூடும் மருந்தை நுரையாக்கிச் செலுத்தும் நுரை ஊசிக்கு இரண்டு சிரிஞ்ச், ஒரு மூவழிக் குழாய்த்திருகு போதும். பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசைல் சல்ஃபேட் ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு, இருபது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் நுரை வரும். அது ஓரிரு நிமிடத்தில் நீர்த்துவிடும், உடனே செலுத்த வேண்டும். ஒரு அமர்வில் 10 மி.லி. நுரைக்கு மேல் போகாதீர்கள். கணுக்கால் பக்கம் தவறித் தமனிக்குள் போனால் தோலும் விரலும் அழுகும். ஸ்கேனில் ஊசிமுனை தெரியாமல் பெரிய சிரையில் செலுத்தவே கூடாது.

சிகிச்சைக்குப் பின் என்ன பிரச்சினை வரலாம்?

ஒரு வாரத்துக்குள் ஒரு டாப்ளர் செய்ய வேண்டும். மூடிய சிரையின் உறைவு சந்திப்பைத் தாண்டி ஆழ்சிரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கலாம். ஆழ்சிரையின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைத்தால் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தர வேண்டும். பாதிக்குக் குறைவென்றால் வாராவாரம் ஸ்கேன் செய்து கவனிக்கலாம், பெரும்பாலும் தானே பின்வாங்கும். தோல் சூடுபடுதல், மரத்துப்போதல், சிரை கயிறுபோல் இறுகி வலித்தல், பழுப்புக் கறை இவையும் உண்டு. கறை மங்க மாதக்கணக்கில் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் நோயாளி பயப்பட மாட்டார், சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்.

ஆறாத கால்புண்ணுக்கு மருத்துவர் என்ன செய்வார்? அது நர்ஸ் வேலையல்லவா?

இந்தத் துறையின் இதயமே அதுதான். பத்து ஆண்டாகப் புண்ணில் மஞ்சளும் களிம்பும் ஆன்டிபயாட்டிக் பொடியும் மாறி மாறிப் போட்டவர்கள் வருவார்கள். அந்தப் பொடிகளே தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவந்து புண்ணைப் பெரிதாக்கியிருக்கும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. தேவை அழுத்தக் கட்டு.

கட்டுக்கு முன் கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதம் பார்க்க வேண்டும். கையடக்க டாப்ளரும் ரத்த அழுத்தப் பட்டையும் இருந்தால் பத்து நிமிட வேலை. கணுக்காலில் 130, கையில் 140 என்றால் விகிதம் 0.93, முழு அழுத்தக் கட்டுப் போடலாம். 0.8-க்குக் கீழே வந்தால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 0.5-க்குக் கீழே என்றால் கட்டே கூடாது, முதலில் தமனி அடைப்பைச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் தமனிச்சுவர் சுண்ணாம்பேறி 1.3-க்கு மேல் காட்டும். அது நல்ல செய்தியல்ல, பொய்யான எண். விரல் அழுத்தமோ டாப்ளர் அலை வடிவமோ பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கட்டும் முறையும் முக்கியம். பாதத்தைச் செங்குத்தாக வைத்து, விரல் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் மூடி, முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். கணுக்கால் எலும்பையும் முன்கால் எலும்பையும் பஞ்சால் மெத்தையாக்காவிட்டால் கட்டே புதுப்புண் போடும். குதிகாலைத் திறந்துவிட்டால் அங்கே மட்டும் வீக்கம் பிதுங்கி வரும். விரல் நீலமானாலோ வலி கூடினாலோ இரவென்றும் பார்க்காமல் அவிழ்த்துவிட வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள்.

கட்டுக்கு மேலே, ஒழுகும் சிரையையும் சீக்கிரம் மூடிவிடுவது நல்லது. புண் ஆறட்டும் பிறகு பார்க்கலாம் என்றிருந்த பழக்கத்தை மாற்றியது 2018-ல் பிரிட்டனில் 450 பேரிடம் நடந்த எவ்ரா ஆய்வு. முன்கூட்டியே சிரையை மூடியவர்களுக்குப் புண் ஆற இடைநிலைக் காலம் 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியும் ஆறாமல், விளிம்பு தடித்து மேலெழும்பினால் துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய புண்ணில் புற்றுநோய் வரும்.

நம் ஊர் வெயிலில் ஸ்டாக்கிங் யார் போடுவார்கள்?

நியாயமான கேள்வி. அக்னி நட்சத்திரத்தில் தொடை வரையிலான காலுறையை எழுதிக்கொடுத்தால் அது பீரோவில்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முழங்காலுக்குக் கீழ், விரல் திறந்த, 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தமுள்ளது போதும். காலையில் வீக்கம் ஏறும் முன் கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டையின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம் ஆகிய மூன்றையும் அளந்து வாங்க வேண்டும். கடையில் 'எல் சைஸ் குடுங்க' என்று வாங்கினால் பாதிப்பேருக்குப் பொருந்தாது. படுக்கையிலிருந்து இறங்கும் முன் போட வேண்டும், இரவில் கழற்றலாம். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி அதன் மேல் காலுறையை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு திறந்த விரல் வழியாகப் பையை உருவிவிடலாம். இரண்டு ஜோடி வைத்து மாற்றித் துவைக்க வேண்டும். ஆறு மாதத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும். மீன் ஏலக்கூடத்தில் ஈரத்தில் நிற்பவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் காலுறை நடைமுறைக்கு ஒத்துவராது. அவர்களுக்குச் சிரையை மூடும் சிகிச்சையை முன்கூட்டியே செய்துவிடுவதே சரி.

வீங்கிய காலென்றாலே யானைக்கால் என்கிறார்களே?

இந்தக் கடற்கரையில் யானைக்கால் நோய்க்கு நீண்ட வரலாறு உண்டு. 1975-லிருந்து புதுச்சேரியில் கொசு, நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமே இயங்குகிறது. ஆகவே மக்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. பிரித்தறிய முதலில் பாதத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். நிணநீர் வீக்கத்தில் அது மெத்தைபோல் உப்பியிருக்கும், இரண்டாவது விரலின் அடித்தோலைக் கிள்ளித் தூக்க முடியாது. சிரைநோயில் கறுப்பும் தடிப்பும் கணுக்காலுக்கு மேலே. குளிர்காய்ச்சலோடு இடுக்கில் நெறிகட்டிக் கால் சிவந்த வரலாறு இருந்தால் நிணநீர்ப் பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணை ஆற்றாமல் விட்டால் கிருமி அதன் வழியாகத்தான் நுழையும்.

அவசர வேலை இருக்காதுதானே?

தமனிப் பக்கத்தைவிடக் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் நேரம் காலம் பார்க்காது. ஒன்று, புடைத்த சிரை வெடித்து ரத்தம் பீறிடுவது. படுக்கவைத்துக் காலை உயர்த்தி அந்த இடத்தை விரலால் அழுத்தினால் நின்றுவிடும். அந்த இடத்துக்கு மேலே காலைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டினால் சிரை இன்னும் நிரம்பி அதிகமாகக் கொட்டும், இதனால் உயிர் போனதுண்டு. மற்றது ஆழ்சிரை உறைவு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே ஸ்கேன். உறுதியானால், ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவருக்கு உடனே மருந்து: உதாரணமாக ரிவரொக்சபன் 15 மி.கி. தினம் இரு வேளை 21 நாள், பிறகு 20 மி.கி. ஒரு வேளை, குறைந்தது 3 மாதம். கர்ப்பிணிக்கு இது ஆகாது, ஹெப்பாரின் வகை ஊசி வேண்டும். கால் முழுக்க நீலம் பாரித்து விறைத்தால் அது காலையே இழக்கும் நிலை, குழாய் வழியாக உறைவை அகற்றும் வசதியுள்ள இடத்துக்கு உடனே போயாக வேண்டும். இடது காலில் இளம்பெண்ணுக்கு வந்தால், வலது தமனி இடது இடுப்புச் சிரையை நசுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சொந்தமாக கிளினிக் வைக்க என்ன தேவை?

படத்தையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டும் டூப்ளக்ஸ் ஸ்கேன் இயந்திரமும் கால் பார்க்க ஒரு நேர்ப் ப்ரோபும் வயிறு பார்க்க ஒரு வளைப் ப்ரோபும் முதலில். பிறகு 8 மெகாஹெர்ட்ஸ் கையடக்க டாப்ளர், இருபக்கமும் சாயும் மேசை, லேசர் அல்லது ரேடியோ அலைவரிசைக் கருவி, கரைசல் செலுத்தும் பம்ப், உயிர்காக்கும் மருந்துத் தள்ளுவண்டி. லேசரை முதல் நாளே வாங்காதீர்கள். பெரிய மருத்துவமனையின் கருவியைப் பயன்படுத்திக்கொண்டு, நல்ல ஸ்கேன் இயந்திரத்தில் பணத்தைப் போடுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது சட்டத்தில். கால் மட்டும்தானே பார்க்கிறோம் என்று நினைத்தாலும், எந்த அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் 1994-ன் கருவின் பாலினம் அறிதல் தடைச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுக்கு. இயக்குபவராக உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும், மாதாமாதம் அறிக்கை தர வேண்டும். பதிவுச் சான்று இல்லாதவருக்கு இயந்திரத்தை விற்கவே கூடாது. புதுச்சேரி கிளினிக்கின் கையடக்க இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமை காரில் வைத்துக் கடலூர் கொண்டுபோய்ப் பார்ப்பது குற்றம், இயந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள். கிளினிக் பதிவும் இரண்டு பக்கமும் வேறு வேறு: கடலூரில் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம், புதுச்சேரியில் மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு ஊரிலும் பார்ப்பதாக இருந்தால் இரண்டையும் தனித்தனியாக முடியுங்கள்.

வருமானம்?

நிலையான, கௌரவமான வருமானம் வரும், ஆனால் முதல் சில ஆண்டுகள் மெதுவாகத்தான். சிரைநோய் சிகிச்சை மட்டும் செய்து இந்த அளவு ஊரில் தொடங்குவது கடினம், டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவும் சர்க்கரைக் காலும் கூடவே பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒழுக்கே இல்லாத சிரையை, நூல்போன்ற நீலக்கோடுகளை மட்டும் காட்டி லேசர் செய்வது நடக்கிறது. அந்தச் சிரை பிற்காலத்தில் இதயத்துக்கோ காலுக்கோ பைபாஸ் செய்யத் தேவைப்படும் குழாய். வால்வு நன்றாக இருக்கிற சிரையைப் பொசுக்குவது திருட்டுக்குச் சமம். காப்பீட்டில் பல பாலிசிகள் வெரிகோஸ் வெயினுக்கு 2 ஆண்டுக் காத்திருப்பு வைத்திருக்கின்றன. தேதி குறிக்கும் முன்பே பாலிசித் தாளை வாங்கிப் படியுங்கள், ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

பெண் மருத்துவர்களுக்கு இந்தக் கிளை ஏற்றதா?

மிகவும். உள்தொடை வரை நிற்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை என்பதால் பெண் மருத்துவரைத் தேடி வரும் பெண்கள் ஏராளம், இல்லையென்பதாலேயே பல ஆண்டு தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. தோலடிச் சிரை சிகிச்சை ஸ்கேன் பார்த்தே நடப்பதால் கதிர்வீச்சு இல்லை. இடுப்புச் சிரைக்கு ஸ்டென்ட் வைக்கும்போது மட்டும் எக்ஸ்ரே, ஈய அங்கி எல்லாம் வரும்.

நான் இப்போது எம்பிபிஎஸ் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இப்போதே என்ன செய்யலாம்?

அறுவைப் பிரிவில் கட்டுப்போடும் அறைக்குப் போய், அனுபவமுள்ள நர்ஸிடம் அழுத்தக் கட்டுப் பழகுங்கள். கட்டிய காலை அடுத்த நாள் நீங்களே அவிழ்த்துப் பாருங்கள், எங்கே தடம் விழுந்தது என்று தெரியும். கையடக்க டாப்ளரில் கணுக்கால் விகிதம் எடுக்கப் பழகுங்கள். பொது அறுவையில் சேர்ந்ததும் ஸ்கேன் ப்ரோபைக் கையில் எடுத்துவிடுங்கள், முதலில் நண்பர்களின் நல்ல கால்களில் தொடை இடுக்குச் சந்திப்பைத் தேடிக் கண்டுபிடியுங்கள். குறுக்குவாக்கில் தமனியும் இரண்டு சிரைகளும் மூன்று வட்டமாக ஒன்றாகத் தெரிய வேண்டும். எம்.சிஎச். காலத்தில் வாஸ்குலர் சொசைட்டி ஆஃப் இந்தியா, வீனஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா ஆகிய அமைப்புகளின் மாநாடுகளுக்குப் போகலாம். அங்கே நேரடியாகச் சிகிச்சை காட்டும் அமர்வுகளில் முன்வரிசையில் உட்காருங்கள், கையைப் பார்க்காமல் ஸ்கேன் திரையைப் பாருங்கள்.